ஜெர்மன் கஸ்டம்ஸின் பழைய யூனிஃபார்ம்: வாங்கலாம்... மாட்டிக்கிட்டு வெளியே போகலாமா?

ராணுவ உடுப்பு சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் 'ட்சோல்' எனப்படும் ஜெர்மன் சுங்கத்துறையின் பழைய யூனிஃபார்மைத் தேடி அலைகிறது. கஸ்டம்ஸ்காரர் சட்டைக்கா இவ்வளவு கிராக்கி? காரணம் சிம்பிள். ராணுவத்தோடு ஒப்பிட்டால் இங்கே ஆட்கள் குறைவு, மிஞ்சிய உடுப்பும் குறைவு.

சட்டம் என்ன சொல்லுது?

சிக்கல் ஹிட்லர் கால உடுப்பில்தான். நிதித்துறையின் கீழ் இருந்த சுங்க எல்லைக் காவல் பிரிவின் தொப்பியில் ஸ்வஸ்திகாவைப் பற்றிய கழுகு இருக்கும். ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி அந்தச் சின்னத்தைப் பொதுவெளியில் காட்டினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். ஆய்வு, கலை, வரலாற்றுக் கல்விக்கு விலக்கு உண்டு. வீட்டு அலமாரியில் வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது. இபே 2001-லேயே நாஜிப் பொருட்களை விற்கத் தடை போட்டுவிட்டது.

சரி, சின்னமே இல்லாத, போருக்குப் பிந்தைய பச்சை யூனிஃபார்ம்? அங்கேயும் ஜாக்கிரதை! உரிமையில்லாமல் அரசு யூனிஃபார்ம் அணிந்தால் 132ஏ பிரிவில் 1 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அசலோடு குழம்பும் அளவுக்கு ஒத்திருந்தாலே போதும்.

'வெறும் வரித்துறைதானே?'

'இது எஸ்எஸ் உடுப்பு இல்லையே, வரி வசூலிச்சவங்க சட்டைதானே' என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அது எடுபடாது. நாட்டைவிட்டுத் தப்பிய யூதர்கள் கையில் 10 மார்க்தான் கொண்டுபோகலாம் என்ற நிலை இருந்தபோது, அவர்கள் பெட்டியைப் பிரித்துச் சோதித்தது சுங்க அதிகாரிகள்தான். 1944-ல் அந்த எல்லைப் பிரிவே ஹிம்லரின் கட்டுப்பாட்டுக்குள் போனது. வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இந்தச் சுமை இல்லாதது கிழக்கு ஜெர்மனியின் சாம்பல் நிற சுங்க உடுப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். பெர்லின் சுவர்க் காலத்தில் அதைக் கண்டு நடுங்கிய பயணிகள் ஒப்புக்கொள்வார்களா என்ன! 1990-ல் நாடு இணைந்ததும் அந்தத் துறை இல்லாமல் போனது. உடுப்புகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன.

போலியை எப்படிப் பிடிப்பது?

பலர் முதலில் எடுப்பது புறஊதா விளக்கு. பிற்காலத்து செயற்கை நூல் அதில் பளிச்சென்று ஒளிரும். ஆனால் அசல் உடுப்பையே யாராவது இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். அதனால் தையல், பட்டன், உள்துணி முத்திரை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கணும்.

வாங்காமல் பார்த்தாலே போதும் என்பவர்களுக்கு ஹாம்பர்க்கின் பழைய கிடங்குப் பகுதியில் ஜெர்மன் சுங்க அருங்காட்சியகம் இருக்கிறது. 1992-ல் திறந்தது, அதுவும் பழைய சுங்க அலுவலகக் கட்டடத்திலேயே.