மலைக்கு ஏற்ற ரோலர்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஸ்கூட்டரில் டபுள்ஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், சோதனை வளைவில் இல்லை, வளைவு முடிந்து சாலை நிமிரும் இடத்தில்தான் இருக்கிறது. திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்தபின் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகினாலும் வண்டி முனகிக்கொண்டே நகரும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். மலையில் குடியிருக்கும் எங்களுக்கு இது அன்றாடப்பாடு. "110 சிசி இவ்வளவுதான் இழுக்கும், 125 வாங்கிடுங்க" என்று பலரும் சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வண்டியில் திறன் இருக்கிறது. அது வெளியே வர விடாமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்கூட்டர் 110 கிலோ, இரண்டு பேர் 140 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் இந்த 250 கிலோவை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, சக்கரத்தில் ஏறக்குறைய மூன்றேகால் குதிரைத்திறன் போதும். 110 சிசி எஞ்சின் தருவது ஏழரையிலிருந்து எட்டு. பெல்ட்டிலும் கிளட்ச்சிலும் ஒரு பகுதி போய்விடும். ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் திறனும் ஏறத்தாழ அதே அளவு இறங்கும். இத்தனையும் கழித்த பிறகும் கையில் மிச்சம் நிற்கிறது. ஆனால் அந்த எட்டுக் குதிரைத்திறன் நிமிடத்துக்கு 8,000 சுற்றை ஒட்டித்தான் கிடைக்கும். ஏற்றத்தில் எஞ்சின் அதில் பாதிச் சுற்றில் திணறிக்கொண்டிருந்தால் திறனும் பாதிக்குப் பக்கம்தான் வரும்.

எத்தனை சுற்றில் எஞ்சின் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது இடதுபக்கப் பெட்டிக்குள் இருக்கும் வேரியேட்டர். அதற்குள் சிறிய உருளைகளாக ரோலர்கள், பெரும்பாலான வண்டிகளில் ஆறு. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற இவை வெளிப்பக்கமாக ஓடி, தட்டை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றுகின்றன. கியர் தானாக உயர்வது இப்படித்தான். ரோலர் கனமாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே கியர் உயர்ந்துவிடும். சமதளத்தில் எஞ்சின் அமைதியாக ஓடும், மைலேஜும் கிடைக்கும். மலையில் அதே குணம்தான் மூச்சை அடைக்கிறது. எடை குறைந்த ரோலர் போட்டால் எஞ்சின் நன்றாகச் சுற்றிய பிறகே கியர் உயரும். ஏற்றத்தில் சைக்கிள்காரர் சின்னக் கியரிலேயே மிதித்துக்கொண்டு போவதைப் போல.

சென்னையில் விற்கும் வண்டிக்கும் குன்னூரில் விற்கும் வண்டிக்கும் ஒரே எடை ரோலர்தான் வருகிறது. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். மலை ஊர் ஷோரூம்களிலாவது ஒரு செட் இலகு ரோலரை நிறுவனங்களே அங்கீகரித்து வைத்திருக்கலாம். விலை அதிகமில்லாத பொருள், மாற்றுவதும் பெரிய வேலை இல்லை.

அதற்கு முன் வண்டி பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஓடி ஓடி ஒருபக்கம் தட்டையான ரோலர் பாதையில் சிக்கி நிற்கும். பெல்ட் அகலம் தேய்ந்திருக்கும். கிளட்ச் ஷூ பளபளவென்று மெருகேறி வழுக்கும். ஏர் ஃபில்டர் தூசியில் அடைபட்டிருக்கும். "இழுக்கல" என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு இவற்றைச் சரிசெய்தாலே போதும். சரிசெய்தும் குறை தீராவிட்டால் ரோலர் எடையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, அதே ஏற்றத்தில், அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். மூன்று பழைய எடை, மூன்று புதிய எடை என்று ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டும் பார்க்கலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால் எஞ்சின் கத்தும், பெட்ரோல் குடிக்கும், சமதளத்தில் வேகம் எடுக்காது. பின்பக்கப் புல்லியின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பாக்கினால் வளைவு முடிந்ததும் கியர் சட்டென்று இறங்கும். ஆனால் பெல்ட் சூடாகித் தேயும் என்பதால் அதை நான் கடைசியாகத்தான் தொடச் சொல்வேன். பெல்ட் ஓடும் பரப்பில் கிரீஸ் படவே கூடாது. வேரியேட்டர் நட்டை நிறுவனம் சொன்ன அளவுக்கு முறுக்கியாக வேண்டும்.

பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேலே காற்று குறைந்தாலும் பெட்ரோல் குறையாது. பிளக் கரியேறும், வண்டி இருமும். மலையிலேயே ஓடும் வண்டியானால் ஓர் அளவு சின்ன மெயின் ஜெட் போடலாம், கீழே சமவெளிக்கு ஓட்டிப் போவதாக இருந்தால் பழையதைத் திரும்ப மாட்ட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 ஸ்கூட்டர்களில் இன்ஜெக்‌ஷன் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். எக்ஸ்எல் மொபெட்டில் வேரியேட்டரே கிடையாது, ஒரே கியர்தான். அதில் பல் கூடுதலான பின் ஸ்ப்ராக்கெட் இந்த வேலையைச் செய்யும்.

சிலிண்டரைப் பெரிதாக்கி போர் ஏற்றுவதையும் சைலன்சரைக் குடைவதையும் நான் முற்றிலும் எதிர்க்கிறேன். ஆர்சி புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக சிசியைக் கூட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கே சிக்கல் வரலாம். சத்தம் கூடுவதால் இழுவை கூடுவதில்லை.

ஏறுவதெல்லாம் இறங்கியாக வேண்டும், அதுவும் அதே சுமையோடு. இலகு ரோலர் இறக்கத்திலும் ஓரளவு உதவும், கியர் சின்னதாகவே நிற்பதால் எஞ்சின் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், அதன்பின் முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. தொடர்ந்து அழுத்திய டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ரோலர் மாற்ற வண்டியைக் கொடுக்கும் அன்றே சக்கரங்களையும் கழற்றி, பிரேக் ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றட்டும், ரோலர் அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம்.