கறுத்துப் போன பாலாடை

பேரனுக்காக என் அம்மா கொடுத்த வெள்ளிப் பாலாடையை எடுத்தேன். கன்னங்கரேலென்று இருந்தது! "திருஷ்டியா இருக்குமோ, அத்தை?" என்றாள் மருமகள்.

திருஷ்டியுமில்லை, ஒன்றுமில்லை. எங்கள் எம். புதுப்பட்டி, சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஊர். மகன் வேலைச் சட்டையை அந்தப் பீரோவில்தான் மாட்டுவான். மருந்திலுள்ள கந்தகம் வெள்ளியைச் சும்மா விடுமா? போதாக்குறைக்கு நான் வேறு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். ரப்பரிலும் கந்தகம் உண்டு. அது பட்ட இடத்தில் கறுப்பு வளையம். வேலைச் சட்டையை இப்போது வாசலோடு நிறுத்திவிட்டோம். அந்தத் தூள் கைக்குழந்தைக்கும் ஆகாதே.

மருமகள் பல்பொடியை எடுத்தாள். தடுத்துவிட்டேன். என் மாமியார் வருஷக்கணக்காக அப்படித் தேய்த்த குங்குமச் சிமிழில் பூ வேலையே மழுங்கிவிட்டது. அடகு வைக்கப் போனபோது எடையும் குறைந்து நின்றது. பாவம், கண் கலங்கிவிட்டார்.

சமையலுக்கு ஆகாத பழைய அலுமினியப் பாத்திரம் இருக்கிறதா? ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஒரு மேஜைக்கரண்டி ஆப்பச் சோடா, அதே அளவு உப்பு போடுங்கள். வெள்ளி அலுமினியத்தைத் தொட்டபடி கிடக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில நிமிஷத்தில் கறுப்பு நீங்கும். கறுப்பிலிருந்த வெள்ளியும் வீணாகாது. கல் பதித்த நகைக்கும் அரக்கு அடைத்ததற்கும் இது வேண்டாம்.

பிறகு நன்றாகத் துடைத்து, துவைத்த வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். கூடவே ஒரு சாக்பீஸ், ஈரத்தை இழுக்கும். பாலாடையை மட்டும் சோப்பில் கழுவி, தனித் தண்ணீரில் கொதிக்க வைத்த பிறகே பிள்ளைக்குக் கொடுங்கள்.