வளைவில் வழுக்கும் சக்கரம்

கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத் பந்தயப் பாதையை நம் அன்பர்கள் அறிவர். 2011 அக்டோபர் 30-இல் அங்கு நடைபெற்ற முதல் இந்திய கிராண்ட் பிரீ போட்டியில், கோவை தந்த வீரர் நரேன் கார்த்திகேயனும் கார் செலுத்தினார். அத்தகைய பாதையில் தாமும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் நம் இல்லத்து இளைஞர் பலர்க்கு உண்டு. ஆவல் நன்றே, அதனோடு அறிவும் சேர்தல் வேண்டும்.

ரயிலைத் திருப்புவது தண்டவாளம். நாம் நாள்தோறும் காணும் எஞ்சின் டிரைவர் ஆள்வது வேகத்தை மட்டுமே. காருக்கோ தண்டவாளம் இல்லை. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ உள்ளங்கையளவே. திரும்புதல், நிற்றல், முடுக்குதல் ஆகிய மூன்றும் அந்தப் பிடியைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

5.125 கிலோமீட்டர் நீளமும் 16 வளைவுகளும் உடைய அப்பாதையில், நான்காம் வளைவுக்கு முன் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நேர்வழி உண்டு. அங்கு வேகத்தைக் குறைக்காது புகுந்தால் முன்சக்கரங்கள் பிடியிழக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வெளிப்புறமே ஓடும். இதனை அண்டர்ஸ்டியர் என்பர். மேலும் திருப்புதல் பயனற்றது. ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டியரிங்கைச் சற்றே நேராக்கினால், பாரம் முன்னே சாய்ந்து பிடி மீளும்.

பத்து, பதினொன்றாம் வளைவுகள் இணைந்து நீண்டு செல்வன. இடையில் அஞ்சிக் காலைச் சட்டென எடுத்தால் பின்பாரம் குறையும். பின்சக்கரங்கள் வழுக்கி வண்டி சுழலத் தலைப்படும். இது ஓவர்ஸ்டியர். பின்சக்கர விசையுள்ள கார்களில் முடுக்கம் மிகுந்தாலும் இது நேரும். அப்போது முடுக்கத்தை மெல்லக் குறைக்க வேண்டும். எவ்வாறு நேரினும், பின்புறம் வழுக்கும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புக, பிரேக்கை அழுத்தாதீர்கள். பார்வை சுவரின்மேல் அன்று, செல்லும் வழியின்மேல் இருக்கட்டும். பிடி மீண்டதும் உடனே ஸ்டியரிங்கை நேராக்குக; தாமதித்தால் வண்டி மறுபுறம் சுழலும்.

இவ்விரண்டையும் வருமுன் காப்பதே சிறப்பு. வளைவுக்கு முன், நேர்வழியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்க. பந்தயப் பாதையில் வழுக்கும் காருக்கென்று அகன்ற வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். மழை நனைத்த ஊர்ச்சாலையிலோ அவ்விடத்தில் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.