தோற்றால் ஊர் திரும்பும் பந்தயம்

மார்ச்சுத் திங்கள் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் தொலைக்காட்சியின் ஓசை தானாகவே அடங்கிவிடும். பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம். தில்லியாயினும் மும்பையாயினும் கொல்கத்தாவாயினும் இவ்விதியில் வேற்றுமை இல்லை. அதே திங்களில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கல்லூரிகள் முற்றிலும் வேறான ஒரு தேர்வில் மூழ்கிக் கிடக்கின்றன. மாணவர் மட்டுமன்றிப் பேராசிரியரும், படிப்பை முடித்து நாற்பது ஆண்டு கழிந்த முதியோரும், அக்கல்லூரியின் வாயிலையே மிதித்தறியாத கடைக்காரரும் அத்தேர்வின் முடிவுக்காகத் துடித்துக்கொண்டிருப்பர். அதுதான் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி. 'மார்ச்சுப் பித்து' என்று அந்நாட்டார் அதற்கு ஒரு செல்லப் பெயர் இட்டிருக்கின்றனர். பொருத்தமான பெயரே என்பது நம் கருத்து.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு மகனோ மகளோ அந்நாட்டில் படித்துக்கொண்டிருப்பதை அன்பர்கள் அறிவர். மார்ச்சு மாதத்தில் அவர்களோடு பேசுங்கால், உணவு எப்படி, குளிர் எப்படி என்ற நம் வினாக்களுக்கு விடை பாதியில் நின்று, "கொஞ்சம் இரும்மா, கடைசி நிமிஷம்!" என்றொரு கூவல் மறுமுனையில் எழுவதுண்டு. அதைக் கேட்டுத் திகைக்கும் பெற்றோர்க்காகவே இம்மாதப் பகுதியை எழுதுகிறோம்.

கூடைப்பந்து நமக்கும் அந்நியமானதன்று. 1891 டிசம்பரில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பனிக்காலத்தில் கூரைக்கடியில் ஆடுவதற்கென இரண்டு பீச்சுப் பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதி இவ்விளையாட்டைத் தோற்றுவித்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதன் வளர்ச்சியே. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் வலையறுந்த கூடை வளையம் ஒன்று நின்றிருக்குமாயின், அதன் பூர்வீகம் அந்த ஸ்பிரிங்ஃபீல்டுதான்.

அமெரிக்கப் போட்டி 1939-ல் 8 கல்லூரிகளோடு தொடங்கிற்று. 1985-ல் 64 ஆகவும், 2011 முதல் 68 ஆகவும் பெருகிற்று. மகளிர்க்கான போட்டி 1982-ல் தோன்றியது. நாட்டை நான்கு வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வலிமை மிக்க அணிக்கு 1 என்றும் மிக எளிய அணிக்கு 16 என்றும் எண் இடுவர். முதற்சுற்றில் 1-ஆம் எண் 16-ஆம் எண்ணோடு மோதவேண்டும்; 2-ஆம் எண் 15-ஆம் எண்ணோடு. இவ்வாறே மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்து ஓர் அணி மட்டும் எஞ்சும்.

இதிலுள்ள கொடுமையும் இனிமையும் ஒன்றே: ஒருமுறை தோற்றால் தீர்ந்தது. நம் ஐ.பி.எல். பந்தயத்தில் இன்று தோற்ற அணி அடுத்த வாரம் தேறிக்கொள்ளலாம். இங்கே அதற்கு இடமில்லை. ஆடவர் ஆட்டம் 20 நிமிடமாக இரு பகுதி, மொத்தம் 40 நிமிடம். ஆடுவோரோ இருபதைத் தொட்ட பிள்ளைகள். இறுதியாண்டில் இருப்பவனுக்குத் தோற்ற ஆட்டமே கல்லூரியின் பெயர் பொறித்த சட்டையை அணியும் கடைசி ஆட்டமாகிவிடும். மணி ஒலித்தவுடன் சட்டையின் கழுத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழும் இளைஞனை ஆண்டுதோறும் காண்கிறோம். அவன் யார், எவ்வூரான் என்றறியாதவரும் அவ்வேளையில் தொண்டை அடைத்து நிற்பர்.

காண்போரைப் பந்தயத்தில் பங்காளியாக்கும் சூழ்ச்சி ஒன்றும் உண்டு. போட்டிக்குமுன் அச்சிட்ட கட்டத்தாள் ஒன்று வீடுதோறும் அலுவலகந்தோறும் உலவும். 'பிராக்கெட்' என்பர். 63 ஆட்டங்களிலும் வெல்வது யாரென்று முன்கூட்டியே அதில் எழுதவேண்டும். எல்லாவற்றையும் பிழையின்றிச் சொன்னவர் என்று உறுதியாக அறியப்பட்டவர் ஒருவரும் இல்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று நெல் கேட்டவனிடம் அரசன் அகப்பட்டுக்கொண்ட கதையை நம் பாட்டிமார் சொல்லியிருப்பர். அப்பலகையின் 64-ஆவது கட்டத்தில் எத்தனை நெல்மணியோ, அத்தனை விதமாக இத்தாளை நிரப்பலாம். கோடியைக் கோடியால் பெருக்கி, வந்த தொகையை மீண்டும் ஏறத்தாழ 92,233 ஆல் பெருக்கினால் அவ்வெண் கிட்டும். 2019-ல் ஒஹையோ மாநிலத்தவர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னதே பெரும் செய்தியாயிற்று. 50-ஆவதில் அவரும் வீழ்ந்தார். ஆட்டமே அறியாத பாட்டி, பெயர் இனிமையாக இருக்கிறதென்று ஓர் அணியைத் தேர்ந்து, புள்ளிவிவரப் புலியான மருமகனை வெல்வதும் நடப்பதுதான்.

இப்பித்தின் முழு உருவத்தைக் காண விழைவோர்க்கு 2018-ஐயும் 2019-ஐயும் சேர்த்தே சொல்லவேண்டும்.

2018-ல் நாடு முழுமைக்கும் முதலாவதாக வைக்கப்பட்ட அணி வர்ஜீனியாப் பல்கலைக்கழகம். அவ்வாண்டு 31 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்றிருந்தது. எதிரிக்குப் புள்ளியே கொடாத கஞ்சத்தனமான தடுப்பாட்டம் அதன் புகழ். எதிரே நின்றது மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டிக் கல்லூரி. 1966-ல் திறக்கப்பட்ட இளைய கல்லூரி. அதுவரை வெளியுலகில் அதற்குப் பெயர் இருந்ததெல்லாம் சதுரங்கத்தில்தான்! ஆடவர் போட்டியில் அதுவரை 16-ஆம் எண் அணிகள் 1-ஆம் எண் அணிகளை 135 முறை எதிர்த்து 135 முறையும் தோற்றிருந்தன. (மகளிர் போட்டியில் 1998-லேயே ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டை 71–67 என வீழ்த்திவிட்டது. பெண்கள் முந்திக்கொண்டதை யாரும் அதிகம் சொல்வதில்லை.)

மார்ச்சு 16 இரவு, நமக்கு மறுநாட் காலை, சார்லட் நகரில் ஆட்டம் நடந்தது. இடைவேளையில் 21–21. எளிய அணி சற்று நேரம் தாக்குப்பிடிப்பது புதிதன்று என்று எல்லோரும் இருந்தனர். பிற்பகுதியில் மட்டும் பால்டிமோர் பிள்ளைகள் 53 புள்ளி குவித்தனர். ஜைரஸ் லைல்ஸ் என்பான் ஒருவனே 28. முடிவு 74–54. ஒரு புள்ளி இரு புள்ளியில் தட்டுத்தடுமாறிப் பெற்ற வெற்றியன்று, இருபது புள்ளி! தொலைந்த கட்டத்தாள்கள் எத்தனையோ. வர்ஜீனியாவின் பயிற்சியாளர் டோனி பென்னெட், சாக்குச் சொல்லாமல், வென்றவரைப் புகழ்ந்துவிட்டு அரங்கை நீங்கினார்.

வென்ற அணி இரண்டு நாளில் கன்சாஸ் மாநிலக் கல்லூரியிடம் 43–50 என்று தோற்று ஊர் திரும்பிற்று. அதனால் அதன் பெருமை ஓர் அணுவும் குறையவில்லை.

ஓராண்டு முழுவதும் வர்ஜீனியா சென்ற இடமெல்லாம் ஏளனம் தொடர்ந்தது. 2019 மார்ச்சில் அது மீண்டும் 1-ஆம் எண். எதிரே மீண்டும் ஒரு 16-ஆம் எண், கார்டனர்-வெப் கல்லூரி. முற்பகுதியிலேயே வர்ஜீனியா 14 புள்ளி பின்தங்கிற்று! அந்த அரைமணி நேரம் அதன் ஆதரவாளர் வீடுகளில் சோறு இறங்கியிராது. எப்படியோ மீண்டு 71–56 என வென்றது. பின்னர் பர்டியூவோடு ஆடியபோது, இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், தன் பாதியில் உருண்டோடிய பந்தைத் துரத்திப் பிடித்த கிஹை கிளார்க் நெடுந்தூரம் வீச, மமாடி டியாக்கிட்டே மணி ஒலிக்கும் கணத்தில் கூடையில் சேர்த்துச் சமன் செய்தான். கூடுதல் நேரத்தில் 80–75. அரையிறுதியில் ஆபர்னிடம் 60–62 என்ற நிலை. எஞ்சியது ஒரு நொடியின் பத்தில் ஆறு பங்கு. விதிமீறலுக்காகக் கைல் கைக்கு மூன்று முறை தடையின்றி எறியும் வாய்ப்புக் கிடைத்தது. பதினாயிரக்கணக்கானோர் கூச்சலிட, மூன்றும் கூடைக்குள். ஏப்ரல் 8-ல் மினியாப்போலிஸ் நகரில் இறுதியாட்டம். அதுவும் கூடுதல் நேரம் சென்று, டெக்சஸ் டெக்கை 85–77 என வென்று வர்ஜீனியா பட்டம் சூடிற்று. வென்ற அணியினர் ஏணியில் ஏறி, கூடையின் வலையை ஆளுக்கொரு கண்ணியாகக் கத்தரித்து எடுத்துச் செல்வது அங்கே மரபு. முந்தின ஆண்டு தலைகுனிந்து சென்றவர்களே அன்று ஏணியில் நின்றனர்.

இதற்குப் பின்கதை ஒன்றும் உண்டு. 2018-ல் பால்டிமோர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து வர்ஜீனியாவை வீழ்த்திய ரையன் ஓடம் என்பாரையே, 2025-ல் வர்ஜீனியா தன் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது. அவர் சிறுவனாயிருந்தபோது அவர் தந்தை அதே கல்லூரியில் துணைப் பயிற்சியாளர். கதாசிரியன் ஒருவன் இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.

அதே 2018-ல் சிக்காகோ நகரத்து லொயோலாக் கல்லூரியும் உலகை வியக்க வைத்தது. 11-ஆம் எண் அணியான அது முதல் மூன்று ஆட்டங்களையும் முறையே 2, 1, 1 என்ற புள்ளி வேறுபாட்டில் வென்று, இறுதி நால்வருள் ஒன்றாயிற்று. அணியின் ஆன்மிகத் துணைவராயிருந்த சகோதரி ஜீன் என்னும் கன்னியர்க்கு அப்போது வயது 98. சக்கர நாற்காலியில் அமர்ந்து, கழுத்தில் கல்லூரித் துண்டோடு ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்த்தார். ஆட்டத்துக்கு முன் பிரார்த்தனை, பின் பிழை திருத்தம்! தம் கட்டத்தாளில், தம் பிள்ளைகள் மூன்றாம் சுற்றில் தோற்பரென்றே அவர் எழுதியிருந்தார். அவர்கள் அதைப் பொய்யாக்கியதில் அவரைவிட மகிழ்ந்தவர் இலர். 2025 அக்டோபரில், 106-ஆம் வயதில் அம்மூதாட்டி மறைந்தார்.

இதே லொயோலா 1963-ல் பட்டம் வென்றதைப் பலர் மறந்துவிட்டனர். அவ்வணியின் முதல் ஐவருள் நால்வர் கறுப்பர். எதிர்த்து ஆடவேண்டிய மிசிசிப்பி மாநிலக் கல்லூரியோ, வெள்ளையரல்லாதார் உள்ள அணியோடு ஆடுவதில்லை என்ற எழுதா விதியுடைய மாநிலத்தது. அதற்காகவே முன்பெல்லாம் தகுதி பெற்றும் போட்டிக்குச் செல்லாது நின்றது. இம்முறை பிள்ளைகள் ஆட விரும்பினர். தடுக்க நீதிமன்ற ஆணை பிறந்தது. அது கைக்கு வந்து சேருமுன் அணியினர் மாநில எல்லையைத் தாண்டிவிட்டனர். ஆட்டம் தொடங்குமுன் இரு அணித் தலைவர்களும் கைகுலுக்கியபோது, புகைப்படக் கருவிகளின் ஒளி அரங்கை நிறைத்தது. மிசிசிப்பியினர் 51–61 எனத் தோற்று ஊர் திரும்பினர். கைகுலுக்கிய அந்தப் படம் இன்றளவும் அச்சாகிறது. ஆட்டத்தைப் பார்ப்பதெல்லாம் வீண்பொழுது என்பார்க்கு நாம் காட்டுவது இதனையே.

குறை இல்லாமலில்லை. கட்டத்தாள் விளையாட்டாக இருந்தவரை நன்று; இன்று சூதாட்டப் பணம் அதனுள் புகுந்துவிட்டது. தோற்ற மாணவனுக்கு வசையும் மிரட்டலும் எழுதி அனுப்பும் கயவர் கூட்டமும் பெருகியிருக்கிறது. வீரர்கள் 2021 முதல் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம். 2025 முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேராகப் பணம் தரலாம். அரங்கு நிறைந்த பணமெல்லாம் பிறர்க்கே சென்ற காலம் போய், ஆடுவோர்க்கும் பங்கு வந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் சிறு கல்லூரியில் ஒருவன் ஒளிவிட்டால், மறு ஆண்டே செல்வக் கல்லூரி அவனை ஈர்த்துக்கொள்கிறது. 2025-ல் 1-ஆம் எண் பெற்ற நான்கு அணிகளும் இறுதி நால்வராயின. அதற்குமுன் அப்படி நேர்ந்தது 2008-ல் ஒருமுறையே. பால்டிமோர்கள் இனி அருகிவிடுமோ என்ற அச்சம் நமக்கு உண்டு. மகளிர் ஆட்டமோ ஏறுமுகம்: 2024-ல் தென் கரோலினாவும் அயோவாவும் ஆடிய இறுதியாட்டத்தைக் கண்டோர் தொகை, முதன்முறையாக ஆடவர் இறுதியாட்டத்தைக் கண்டோர் தொகையை விஞ்சிற்று.

அடுத்த மார்ச்சில் தொடர்ந்து பார்க்க விழையும் இல்லத்தார்க்கு ஒரு கணக்கு. அப்பருவத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் ஒன்பதரை மணி வேற்றுமை. அங்கே நண்பகலில் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு ஒன்பதரைக்கு மேல். அங்கே இரவு ஒன்பதரைக்குத் தொடங்குவது நமக்குக் காலை ஏழு மணிக்கு, காப்பியோடு. தேர்வெழுதும் பிள்ளை உள்ள வீடுகளில் ஓசையை அடைத்துவிட்டுப் பார்ப்பது உத்தமம். கட்டத்தாளை வீட்டார் எல்லோரும், பாட்டி உட்பட, முதல் ஆட்டம் தொடங்குமுன் மையினால் நிரப்பிக் கையெழுத்திட்டுப் பூசையறையில் வைத்துவிடவேண்டும். பென்சில் கூடாது.