பால்மாவு டின்னில் 'லாக்டோஃபெரின்': தாய்ப்பாலுக்கு ஈடாகுமா?

பேரங்காடியில் பால்மாவு டின்னைத் திருப்பிப் பார்க்கும் பெற்றோர் கண்ணில் இப்போது 'லாக்டோஃபெரின்' என்ற சொல் படுகிறது. பெரும்பாலும் விலை கூடிய ரகங்களில்தான் அது இருக்கும்.

லாக்டோஃபெரின் தாய்ப்பாலில் இயற்கையாகவே உள்ள புரதம். கிருமிகள் பெருக இரும்புச்சத்து வேண்டும். அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடுவது இதன் வேலை. லைசோசைம் என்ற இன்னொரு புரதம் கிருமியின் சுவரையே உடைக்கிறது. இவற்றைவிட வியப்பானது ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள். தாயின் குடலையும் மூச்சுக்குழாயையும் எட்டிய கிருமிகளுக்கு எதிராக அவர் உடலில் உருவாகி, பால் வழியே பிள்ளைக்குப் போகிறது. அந்த வீட்டுக் கிருமிக்கு அந்த வீட்டிலேயே மருந்து! இதை எந்தத் தொழிற்சாலையும் டின்னில் அடைக்க முடியாது.

பால்மாவில் பொதுவாகச் சேர்ப்பது பசும்பாலிலிருந்து பிரித்தெடுத்த லாக்டோஃபெரின். பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகள் சுமார் 2,200 பேரிடம் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கொடுத்த குழந்தைகளில் 29 விழுக்காட்டினருக்கும், கொடுக்காதவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் தொற்று கண்டது. சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. நிறைமாதப் பிள்ளைகளுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும், அந்த ஒரு சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் யோசிக்கலாம்.

லாக்டோஃபெரினும் ஐஜிஏவும் மிக அதிகமாக இருப்பது முதல் சில நாள் சுரக்கும் சீம்பாலில். மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறதே என்று அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சீனித் தண்ணீர் கொடுக்கச் சொல்லும் பாட்டிமார் இன்றும் உண்டு. அன்புதான், ஆனால் இழப்பு பிள்ளைக்கு.

சிக்கல் வேலைக்குத் திரும்பும்போது தொடங்குகிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2023 ஜனவரி முதல் மலேசியாவில் மகப்பேறு விடுமுறை 98 நாள், அதாவது 14 வாரம். மீதி மாதங்களுக்கு, தொழிற்சாலை ஷிப்டுக்கும் தோட்ட வேலைக்கும் போகும் தாய் என்ன செய்வார்? பால்மாவு வாங்கும் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

பாலைப் பீய்ச்சி வைக்க முடிந்தவர்கள், ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் 24 மணி நேரமும் குளிர்பெட்டியில் 4 நாளும் வைக்கலாம். கொடுக்கும்போது வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்தால் போதும். காய்ச்சினால் அந்தப் புரதங்கள் கெட்டுவிடும்.

வேலை நேரத்தை மாற்றித் தரும்படி முதலாளியிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் அதே சட்டத் திருத்தம் வழி செய்கிறது. பதில் தர முதலாளிக்கு 60 நாள் அவகாசம் உண்டு என்பதால், விடுமுறை முடியும் வரை காத்திராமல் முன்கூட்டியே கடிதம் கொடுப்பது நல்லது.