புள்ளலூர் வெற்றி யாருடையது?

1780 செப்டம்பர் 10-இல், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை முறியடித்த தினத்தை, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் முழுவதும் விஜயோற்சவமாகக் கொண்டாட வேண்டுமென வாதிப்போரின் தேசாபிமானத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களுடைய ஞாபகசக்தியைத்தான் சந்தேகிக்கிறேன். கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதைச் சொல்லிப் பூரிப்பவர்கள், அப்படையில் பெரும்பாலோர் வயிற்றுப்பாட்டுக்காகச் சேர்ந்த நம் நாட்டுச் சிப்பாய்களே என்பதையும், அதே படையெடுப்பில் மைசூர்க் குதிரைப்படை, இவ்வட்டாரமும் அடங்கிய அன்றைய கர்நாடகச் சீமையின் கிராமங்களை எரித்துச் சூறையாடியதையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அத்தினத்தை அனுஷ்டிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பிழைப்பைத் தேடி வந்தவர்கள் நிறைந்த இப்பிரதேசத்தில், பிழைப்புக்காகச் செத்தவர்களை விட்டுவிட்டு அரசர்களுக்கு மட்டும் ஆரத்தி எடுப்பது சரித்திரத்துக்குச் செய்யும் மரியாதையாகாது.