எத்தி வைத்தோமா?

நமது திருப்பத்தூர்க் கடைவீதியில் மாலை வேளையில் நின்றால் ஒரு குரல் அடிக்கடி காதில் விழும்: "உன்னை நம்பித்தானே ஒப்படைத்தேன்!" முதலாளி சத்தமிடுவார், பணியாளர் தலைகுனிந்து நிற்பார். எதை ஒப்படைத்தார், எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும், யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பவை இருவருக்குமே தெளிவாக இருந்திராது.

கடைக்காரர்களை மட்டும் குறை கூறுவானேன்? மாணவர் வருகைப் பதிவேட்டைக் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இளைய உஸ்தாத் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். மூன்று மாதம் கழித்துப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கக் கண்டு, பிள்ளைகள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். "பத்திரமாக வைத்திருக்கச் சொன்னதாக நினைத்தேன், ஹழ்ரத்" என்றார். பதிவேடு பத்திரமாகத்தான் இருந்தது!

அன்றிரவு, அபூஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. பனூ ஸுலைம் குலத்தாரிடம் ஸகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் நியமித்தார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் அவரிடமே கேட்டார்கள். பின்னர் மிம்பரில் நின்று, அவர் பெயரைக் குறிப்பிடாமல், அச்செயலின் தவறையும் மறுமையில் அதன் விளைவையும் அனைவருக்கும் விளக்கினார்கள். முடிவில், அக்குளின் வெண்மை தெரியுமளவு கைகளை உயர்த்தி, தாம் எத்தி வைத்துவிட்டோமா என்று அல்லாஹ்விடமே கேட்டார்கள்.

கையூட்டைக் கண்டிக்க இந்த ஹதீஸை நாம் ஓதிக்காட்டுகிறோம், அது சரியே. ஆனால் உயர்த்திய அந்தக் கைகளைக் கடந்து போய்விடுகிறோம். ஊழியரிடம் கணக்குக் கேட்ட தலைவர், அதே மிம்பரில் தம் கடமையையும் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஹிஜ்ரி 11இல் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்களும் முதல் உரையிலேயே, தாம் தவறினால் நேர்ப்படுத்துமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். இவ்வாறெல்லாம் பேசினால் பணியாளரிடம் மதிப்புக் குறைந்துவிடும் என அஞ்சும் முதலாளிகள், அவ்விருவரின் மதிப்பு குறைந்ததா என எண்ணிப் பார்க்கட்டும்.

மறுநாள் அதே பிள்ளைகள் முன்னிலையில் அந்த உஸ்தாதிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது வேலை இன்னது, கெடு இன்ன நாள் என்று எழுதிக் கொடுத்து, வியாழன்தோறும் அஸருக்குப்பின் அமர்ந்து விசாரிக்கிறோம். சென்ற வாரம் அவர் நம்மைக் கேட்டார்: "புதிய பதிவேடு வாங்கித் தருவதாகச் சொன்னீர்களே, ஹழ்ரத்?" நம்மிடம் விடையில்லை. மஃரிபுக்குள் கடைக்குச் சென்று வாங்கி வந்தோம்.